மானை அழைக்கும் குரல்

இசையைக் கேட்டு மான் தன்னை மறந்து நிற்கும் என்பது நம் கவிகள் நெடுங்காலமாகப் போற்றி வந்த ஓர் எண்ணம். சங்கப் புலவர்கள் பாடிய அசுணம் என்னும் பிராணி யாழின் இனிய நாதத்தில் மயங்கி நிற்கும்; பறையின் கடிய ஓசை செவியில் விழுந்தாலோ உயிரையே விட்டுவிடும். வேடனுடைய கீதத்தில் சொக்கி வலையில் அகப்படும் மானை, புலன்களை அடக்க மாட்டாத மனத்துக்குத் திருஷ்டாந்தமாகக் காட்டும் வழக்கம் வடமொழி நூல்களிலும் உண்டு. கவிதைக்கு இந்த எண்ணம் அழகு சேர்க்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், காட்டில் குரல் கொடுத்தே மானை வரவழைக்கும் மக்கள் உலகின் பல பகுதிகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்தையும், அவ்வனுபவத்தைச் சோதித்துப் பார்த்த விஞ்ஞானிகளின் முடிவுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் நமக்குப் புலப்படும் உண்மை வேறாக இருக்கிறது. நாதத்தின் இனிமை மானை இழுப்பதில்லை. அந்த நாதத்தில் தனக்கு மிகவும் வேண்டிய ஒரு செய்தி இருப்பதாக நம்பியே அது வருகிறது. எந்தச் செய்தி, எந்த மானுக்கு, எந்தக் காலத்தில் வேண்டியதாக இருக்கிறது என்று அறிந்தவனுடைய அழைப்புக்கே பலன் உண்டு. இந்த அத்தியாயத்தில் நாம் ஆராயப் புகுவது அந்த அறிவையே.

மானைக் குரலால் அழைக்கும் வித்தை மிகப் பழமையானது. ஜப்பானின் வடகோடித் தீவாகிய ஹொக்கைடோவில் வாழும் ஐனு மக்கள், மரத்துண்டைக் குடைந்து அதன்மேல் மெல்லிய மீன்தோலைச் சவ்வாகப் போர்த்தி, சிகா மானின் குரலை எழுப்பும் சிறு ஊதல்களைச் செய்து வந்தார்கள். ஜெர்மனியில் ரோ மான்கள் இணைகூடுவது ஜூலை மாதக் கடைசியிலும் ஆகஸ்டு மாத முற்பகுதியிலும் ஆகும். அந்நாட்களில் வேட்டைக்காரன் பீச் மரத்தின் இலை ஒன்றைப் பறித்து, இரு கட்டைவிரல்களுக்கும் இடையே இழுத்துப் பிடித்து ஊதி, பிணைமானின் மெல்லிய கீச்சொலியை எழுப்புவது அங்கே இன்றும் வழங்கும் மரபு. ஒரு பச்சை இலையைத் தவிர அவனுக்கு வேறு கருவி வேண்டியதில்லை.

வட அமெரிக்காவின் வடகிழக்கில், மேய்ன் மாநிலத்திலும் அதையடுத்த கனடாப் பகுதிகளிலும் வாழும் பழங்குடி மக்கள், மான் குடும்பத்திலேயே மிகப் பெரியதாகிய மூஸை அழைப்பதற்குப் பூர்ஜ மரத்தின் பட்டையைச் சுருட்டிக் கூம்பாகக் கட்டிய கொம்பைப் பயன்படுத்தினார்கள். 1853ஆம் ஆண்டில் மேய்ன் காடுகளில் யாத்திரை செய்த அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ, தமக்கு வழிகாட்டியாக வந்த பெனாப்ஸ்காட் இனத்தவர் இத்தகைய கொம்பைக் கொண்டு மூஸை அழைத்ததை எழுதி வைத்திருக்கிறார். இக்கலையில் தேர்ந்தவன் ஏரிக்கரையை ஒட்டி அமர்ந்து, பெண் மூஸின் நீண்ட முனகலைக் கொம்பின் வழியே இழுத்து ஒலித்துவிட்டு, அதே கொம்பில் ஏரித் தண்ணீரை முகந்து, சற்றே உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக நீரில் விழும்படி ஊற்றுவான். ஆழமில்லாத நீரில் நின்று பெண் மூஸ் சிறுநீர் கழிக்கும் ஓசை அது. எங்கோ காட்டுக்குள் தயங்கி நிற்கும் ஆண் மூஸின் சந்தேகத்தைத் தீர்த்து அதைக் கரைக்கு வரச் செய்வது பல சமயங்களில் அந்தச் சிறிய நீரோசையே. குரல் எவ்வளவு சரியாக இருந்தாலும், அக்குரலுக்கு உரிய சூழ்நிலையும் உடன் இருந்தால்தான் கேட்கும் பிராணி நம்பும் என்பதை அந்த மக்கள் எந்தச் சாஸ்திரமும் கற்காமலே அறிந்திருந்தார்கள்.

இன்று இவ்வித்தை மிகப் பரவலாகப் பயிலப்படுவதும், மிகுதியாக ஆராயப்பட்டிருப்பதும் வெள்ளைவால் மானின் விஷயத்தில்தான். கனடாவின் தென்பகுதியிலிருந்து தென் அமெரிக்காவின் வடபகுதி வரையில் பரவியுள்ள இந்த மான், அபாயத்தைக் கண்டதும் வாலை உயர்த்தி அதன் அடிப்புறத்து வெண்மையைக் காட்டிக்கொண்டு ஓடும். கட்டுப்பாடற்ற வேட்டையினால் 1900ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சில லட்சங்களாகக் குறைந்துபோன இவ்வினம், சட்டத்தின் பாதுகாப்பினால் மீண்டும் பெருகி, இப்போது சுமார் 3 கோடி என்று மதிப்பிடப்படுகிறது. கிழக்கு மாநிலங்களின் பெரும்பகுதியில் ஓநாயும் மலைச்சிங்கமும் மறைந்துவிட்டபடியால், மான்களின் தொகையைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பு அங்கே பெரும்பாலும் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களைச் சார்ந்திருக்கிறது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் மான் வேட்டையைத் தடுக்கின்றன. ஆகவே இங்கே கூறப்படும் முறைகள் அந்நாட்டுக் காடுகளுக்கும் அந்நாட்டுச் சட்டத்துக்கும் உரியவை. எனினும், மானின் ஸ்வபாவத்தை அறிய விரும்பும் எவருக்கும் அம்முறைகளின் உட்பொருள் பயன்படும்.

கேட்கும் செவி

அழைப்பவன் தன் குரலைப் பழகுவதற்கு முன்பே, கேட்கப்போகும் செவியைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். மானின் காதுமடல்கள் இரண்டும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே திரும்பக்கூடியவை. தலை குனிந்து மேய்ந்துகொண்டிருக்கும்போதே ஒரு மடல் முன்புறத்தையும் மற்றொரு மடல் பின்புறத்தையும் காவல் காக்கும். ஓர் ஒலி இரண்டு செவிகளையும் வந்தடையும் நேரத்திலும் வலிமையிலும் உள்ள நுண்ணிய வேற்றுமையைக் கொண்டு, அது பிறந்த திசையை மானின் மூளை நிதானித்துவிடுகிறது. வெள்ளைவால் மானின் கேள்விப்புலனை அளந்து 2010ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியின்படி, 60 டெசிபல் வலிமையுள்ள ஒலிகளில் விநாடிக்கு 115 அதிர்வுகளிலிருந்து 54,000 அதிர்வுகள் வரையில் அது கேட்கவல்லது. விநாடிக்கு 8,000 அதிர்வுகளை ஒட்டிய சுருதியிலேயே அதன் செவி மிகக் கூர்மையாக இருக்கிறது. நம் செவி ஏறக்குறைய 20,000 அதிர்வுகளோடு நின்றுவிடும். தாழ்ந்த சுருதியில் நாம் மானுக்குச் சற்றே மேலானவர்கள். உயர்ந்த சுருதியிலோ நமக்கு எட்டாத ஓர் உலகம் அதற்குத் திறந்திருக்கிறது. அழைக்கும் குழலை எடுக்கையில் சட்டைப் பொத்தானில் உராயும் கிறீச்சொலி நம் காதுக்கு ஒன்றுமில்லாததாகத் தோன்றலாம். அந்தச் செவிக்கு அது தெளிவான எச்சரிக்கையாகும்.

ஆனால், கேட்கும் திறன் வேறு, கேட்டதைப் பொருட்படுத்துவது வேறு. சாலைகளில் மோட்டார் வாகனங்கள் மான்களின்மேல் மோதும் விபத்துகள் அமெரிக்காவில் மிக அதிகம். அவற்றைத் தடுப்பதற்காக வாகனத்தின் முகப்பில் பொருத்தும் ஊதல்கள் விற்பனைக்கு வந்தன. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், ஓடும் வாகனத்திலிருந்து விநாடிக்கு 280 முதல் 28,000 அதிர்வுகள் வரையிலான ஐந்து வேறு சுருதிகளை ஒலித்துச் சோதித்து, தங்கள் முடிவை 2009ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அந்தச் சுருதிகளில் ஒன்றுகூட விபத்தைத் தடுக்கக்கூடிய முறையில் மான்களின் நடத்தையை மாற்றவில்லை. பரம்பரை பரம்பரையாக மானுக்கு எந்தச் செய்தியையும் சொல்லாத ஓசை, எவ்வளவு உரத்து ஒலித்தாலும் அதற்கு வெறும் சப்தமே. சந்தையின் பேரிரைச்சலுக்கு நடுவே தன் குழந்தையின் மெல்லிய அழுகுரலுக்கு மட்டும் தாய் திரும்பிப் பார்ப்பதைப்போல, மானும் தன் வாழ்க்கைக்குச் சம்பந்தமுள்ள குரலையே ஆயிரம் ஓசைகளிலிருந்து பிரித்தெடுத்துக் கேட்கிறது.

ஒலி சென்று சேரும் தூரத்தையும் அழைப்பவன் கணக்கிட வேண்டும். தெளிவான வானமுள்ள இரவில் நிலம் தன் வெப்பத்தை இழந்து குளிர்வதால், விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருக்கும். வெப்பக்காற்றில் ஒலியின் வேகம் அதிகம். ஆதலால் மேல்நோக்கிச் செல்லும் ஒலியலைகள் வளைந்து மீண்டும் தரையை நோக்கி இறங்கி நெடுந்தூரம் பரவுகின்றன. நடுப்பகலில் இந்நிலை தலைகீழாக மாறி, ஒலி மேலே வளைந்து போய்விடுகிறது. அமைதியான அதிகாலையில் மெல்லிய அழைப்பும் தொலைவில் கேட்பதற்கும், காற்று அலைக்கழிக்கும் பகற்பொழுதில் உரத்த அழைப்பும் சில நூறு அடிகளுக்குள் அடங்கிவிடுவதற்கும் இதுவே காரணம்.

மானின் குரல்கள்

மானை ஊமைப் பிராணி என்று எண்ணுவோர் பலர். 1988ஆம் ஆண்டில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆட்கெசன், மார்ச்சின்டன், மில்லர் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரை, வெள்ளைவால் மான் ஏறக்குறையப் பன்னிரண்டு வகைக் குரல்களை எழுப்புவதாக வகுத்துக் காட்டியது. புதரில் மறைந்து கிடக்கும் குட்டியைப் பால் கொடுக்க அழைக்கும் தாயின் தணிந்த உறுமல், குட்டி பதிலாகக் கொடுக்கும் மெல்லிய குரல், பால் குடிக்கும்போது அது எழுப்பும் முனகல், கூட்டத்திலிருந்து பிரிந்த மான் துணையைத் தேடும் குரல், பகையின் பிடியில் அகப்பட்டபோது எழும் அலறல், மூக்கின் வழியே காற்றை வேகமாக வெளியேற்றும் எச்சரிக்கைச் சீறல் என்று அந்த வரிசை நீளுகிறது.

வேட்டைக்காரனுக்கு இவற்றில் மூன்று குரல்கள் மிக முக்கியமானவை. முதலாவது, ஆண்மானின் உறுமல். குறுகியதும் தாழ்ந்ததுமாகிய இது, மற்றோர் ஆண்மானைத் தன் நிலையை உணரும்படி செய்வது. பருவத்துக்கு வந்த பிணையைத் தொடர்ந்து செல்லும்போது இதே உறுமல் நடையின் தாளத்துக்கு ஏற்ப மீண்டும் மீண்டும் எழும். இரண்டாவது, பிணைமானின் மெல்லிய கத்தல். வயிற்றிலிருந்து இழுத்துவிட்டாற்போன்ற நீண்ட ஸ்வரமுடையது. மூன்றாவது, உறுமலில் தொடங்கி, சீறலாக மாறி, மூக்கின் வழியே இழுபடும் நீண்ட மூச்சொலியில் முடியும் சவால். ஆதிக்கமுள்ள ஆண்மான், காதுகளைப் பின்னால் மடித்து, மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, எதிரியின் முன் பக்கவாட்டாக நின்று இதை வெளியிடுகிறது. இதற்கு அடுத்தபடி பெரும்பாலும் கொம்புச் சண்டையே.

இக்குரல்களை எழுப்ப இன்று கடைகளில் விற்கும் கருவிகள் எளியவை. உறுமலுக்கு, மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு ஒன்றை உள்ளே பொருத்திய குழல். நாக்கின்மேல் உள்ள ரப்பர் வளையத்தை நகர்த்தினால் அதிரும் பகுதியின் நீளம் மாறி, சுருதி ஏறவோ இறங்கவோ செய்யும். பிணையின் கத்தலுக்கு, கவிழ்த்தால் உள்ளே ஒரு பாரம் இறங்கிக் காற்றைத் தள்ளி ஒலிக்கும் சிறு டப்பா. பதிவு செய்த குரலை மின்கருவியில் ஒலிபரப்பி மான் வேட்டையாடுவதைப் பல மாநிலங்கள் சட்டத்தால் தடை செய்திருக்கின்றன. ஆதலால் தன் மூச்சையும் கையையும் பழக்கியே அழைப்பவன் தேர்ச்சி பெற வேண்டியிருக்கிறது.

பருவம் தரும் பொருள்

ஒரே குரல் ஒரு மாதத்தில் மானை ஓடி வரச் செய்வதும், மற்றொரு மாதத்தில் தலையைக்கூட நிமிரச் செய்யாததும் ஏன்? விடை சூரியனிடம் இருக்கிறது. கோடையின் உச்சத்துக்குப் பிறகு பகற்பொழுது நாள்தோறும் குறுகுவதைக் கண்ணின் வழியே உணரும் மூளை, இருளில் சுரக்கும் மெலடோனினை நீண்ட நேரம் சுரக்கச் செய்கிறது. அதன் விளைவாக ஆண்மானின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் பெருகி, கொம்பைப் போர்த்திய மென்தோல் உலர்ந்து உரிந்து, கழுத்துத் தசைகள் பருத்து, வேனிலில் ஒற்றுமையாக மேய்ந்த ஆண்மான்கள் ஒன்றையொன்று பகைக்கத் தொடங்குகின்றன. ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கர்ஜிக்கும் செம்மான்கள், 19ஆம் நூற்றாண்டில் நியூஸிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட பின்பு மார்ச், ஏப்ரல் மாதங்களில் கர்ஜிக்கின்றன. பூமியின் தென்பாதியில் பகல் குறுகும் காலம் அதுவே.

அமெரிக்காவின் வடபகுதி மாநிலங்களில் வெள்ளைவால் மானின் இணைகூடும் பருவம் நவம்பர் மாதத்தில் உச்சமடைகிறது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, இளங்கூதிரில், ஆண்மான்கள் தமக்குள் தரவரிசையை நிர்ணயித்துக்கொள்ளும் நாட்களில், தணிந்த ஓரிரண்டு உறுமல்களே போதுமானவை; அருகில் இன்னொரு மான் இருக்கிறது என்ற ஆவலைத் தூண்டுவதற்கு மேல் அப்போது எதுவும் செய்ய வேண்டியதில்லை. பருவம் நெருங்க நெருங்க, ஆண்மான்கள் அமைதியிழந்து அலையத் தொடங்குகின்றன. ஆனால் பிணைகளில் பெரும்பான்மையானவை இன்னும் பருவத்துக்கு வந்திருக்கமாட்டா. விருப்பம் மிகுந்தும் துணை கிடைக்காமலும் இருக்கும் இந்த இடைக்காலமே அழைப்பவனுக்கு உத்தமமான காலம்.

உச்சப் பருவம் வந்ததும் நிலைமை மாறுகிறது. பிணைமான் கருத்தரிக்க இசைந்திருப்பது ஏறக்குறைய ஒரு நாள் மட்டுமே; அந்தத் தருணத்தைத் தவறவிடாமல் இருக்க, வலிய ஆண்மான் அதற்கு முன்னும் பின்னுமாக அந்தப் பிணையைவிட்டு அகலுவதே இல்லை. கண்ணெதிரே துணையிருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத மற்றொரு பிணையின் குரலுக்காக அதைக் கைவிட்டு வர அதற்கு எந்த முகாந்தரமும் இல்லை. அனுபவமற்றவன் குழலையும் தன் திறமையையும் குறை கூறும் நாட்கள் இவைதாம். கருவுறாத பிணை ஏறக்குறைய 28 நாட்களில் மீண்டும் பருவத்துக்கு வரும். அப்போது எஞ்சிய சில பிணைகளைத் தேடி முதிர்ந்த ஆண்மான்கள் மறுபடியும் அலைவதால், டிசம்பரில் ஒரு சிறிய வாய்ப்பு மீண்டும் திறக்கிறது.

கொம்பொலி

குரலைத் தவிர, இரண்டு கொம்புகளை மோதி எழுப்பும் ஓசையும் ஆண்மானை அழைக்கும். ஆண்டுதோறும் மான்கள் உதிர்க்கும் கொம்புகளில் இரண்டைக் கையில் பிடித்து, ஒன்றையொன்று கோத்து முறுக்கி, உராய்ந்து, பிரித்து, தரையில் தட்டிச் சண்டையின் சப்தம் முழுவதையும் உண்டாக்குவது டெக்ஸஸ் மாநிலத்தில் நெடுநாள் வழக்கம். இரண்டு ஆண்மான்கள் பொருதுமிடத்தில் பருவத்துக்கு வந்த பிணை ஒன்று இருக்கக்கூடும் என்பது, அதைக் கேட்டு வரும் மூன்றாவது மானின் கணக்கு.

இவ்வழக்கத்தை மிக்கி ஹெல்லிக்ஸனும் அவருடைய சகாக்களும் தெற்கு டெக்ஸஸிலுள்ள வெல்டர் வனவிலங்குப் புகலிடத்தில் 1992 முதல் 1995 வரை முறையாகச் சோதித்தார்கள். ஒருவர் தரையில் மறைந்திருந்து கொம்புகளை மோத, மற்றொருவர் உயர்ந்த கோபுரத்திலிருந்து சுற்றுப்புறத்தைக் கண்காணித்தார். சில முறை குறுகிய நேரமும் சில முறை நீண்ட நேரமும், சில முறை மெதுவாகவும் சில முறை உரத்தும் கொம்புகள் ஒலித்தன. 171 முறை ஒலித்ததற்கு 111 ஆண்மான்கள் செவி சாய்த்தன. நீண்ட நேரம் ஒலிப்பதாலோ சுருக்கமாக முடிப்பதாலோ பெரிய வேற்றுமை விளையவில்லை. உரத்த ஓசையோ மெல்லிய ஓசையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு மான்களை ஈர்த்தது. காற்று அடங்கிய காலைப்பொழுதுகளே சிறந்தவையாக இருந்தன. எல்லாவற்றிலும் சிந்திக்கத் தக்கது ஒன்று உண்டு: வந்த மான்களில் பெரும்பாலானவை, ஒலித்தவரிடமிருந்து காற்று வீசிச் செல்லும் திசையிலேயே தோன்றின. காதால் கேட்டதை மூக்கால் உறுதி செய்துகொண்ட பிறகே அவை நம்ப விரும்பின. தரையிலிருந்தவர் அறியாமலே வந்து, அவர் கண்ணில் படாமலே திரும்பிய மான்கள் பலவற்றைக் கோபுரத்தில் இருந்தவர் கண்டார். அழைப்புக்கு ஒன்றும் வரவில்லை என்று எழுந்து போகும் வேட்டைக்காரர்களில் எத்தனை பேருக்குப் பின்னால் மான் வந்து நின்றிருக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இதை எல்லா இடத்துக்கும் பொதுவான விதியாக எண்ணிவிடக் கூடாது. அந்தப் புகலிடத்தில் முதிர்ந்த ஆண்மான்கள் நிறைய இருந்தன. ஆகவே பிணைகளுக்கான போட்டியும் கடுமையாக இருந்தது. ஆண்மான்கள் இளமையிலேயே வேட்டையாடப்பட்டு, பிணைகளே மிகுந்திருக்கும் காட்டில் போட்டியே இராது. அங்கே சண்டையின் சப்தத்துக்குப் பொருளும் இராது.

கர்ஜனையின் உண்மை

அப்படியானால், உள்ளதிலேயே பெரிய மானின் குரலைப்போல் ஒலிப்பதுதான் சிறந்ததா? இதற்கு விடை காண ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை அடுத்த ரம் தீவுக்குச் செல்ல வேண்டும். அங்கே செம்மான்களை ஆராய்ந்த டிம் க்ளட்டன்-பிராக், ஸ்டீவ் ஆல்பன் ஆகியோர் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, பிராணிகளின் குரலைப் பற்றிய சாஸ்திரத்தில் ஒரு திருப்பமாக அமைந்தது. பிணைகளின் கூட்டத்தைக் காத்து நிற்கும் ஆண் செம்மானை மற்றோர் ஆண் அணுகும்போது, இரண்டும் முதலில் மாறி மாறிக் கர்ஜிக்கின்றன. எது நிமிஷத்துக்கு அதிக முறை, அதிக நேரம் கர்ஜிக்கிறதோ அதன் உடல்நிலையே மேலானது; ஏனெனில் கர்ஜனை பெரும் உழைப்பைக் கேட்பது. தோற்கும் என்று உணர்ந்தது அங்கேயே விலகிவிடும். இரண்டும் நிகராக இருந்தால் இணையாக நடந்து ஒன்றையொன்று அளவிடும்; அதற்கும் பிறகே கொம்புகள் மோதும். உயிருக்கே ஆபத்தான போரை இரண்டு மான்களும் குரலாலேயே தவிர்த்துக்கொள்கின்றன.

இக்கர்ஜனையில் உடலின் அளவும் பதிவாகியிருக்கிறது. 2001ஆம் ஆண்டில் டெக்கும்சே ஃபிட்ச், டேவிட் ரெபி இருவரும், ஆண் செம்மான் கர்ஜிக்கும்போது தன் குரல்வளையை மார்பெலும்பு வரையில் கீழே இழுத்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். குரற்பாதை நீள நீள அதன் ஒத்ததிர்வுகள் தாழ்ந்து, கேட்பவருக்குப் பெரிய உடலின் தோற்றத்தைத் தருகின்றன. ஆதியில் இது உள்ளதை மிகைப்படுத்தும் தந்திரமாக இருந்திருக்கக்கூடும். ஆனால் எல்லா ஆண்மான்களும் அதையே மேற்கொண்டு, மார்பெலும்பு தடுக்கும் எல்லைவரை சென்றுவிட்ட பிறகு, அதற்கு மேல் யாராலும் மிகைப்படுத்த இயலாது. ஆகவே குரல் மறுபடியும் உடலின் உண்மையளவையே சொல்லத் தொடங்கியது. பெரிய உடலுடைய மானின் கர்ஜனையையே பிணைகளும் நாடுகின்றன என்று பின்னர் நடந்த ஒலிபரப்புச் சோதனைகள் காட்டின. ஆண்மானின் கர்ஜனையைத் தொடர்ந்து கேட்கும் பிணைகள் முன்னதாகவே பருவத்துக்கு வருகின்றன என்று காரென் மெக்கோம் 1987ஆம் ஆண்டில் நிரூபித்தார்.

ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் மாட்டுக் கொம்பு, கண்ணாடிக் குழல், பெரிய கடற்சங்கு ஆகியவற்றை ஊதி இந்தக் கர்ஜனையை எழுப்புகிறார்கள். ஜெர்மனியில் அதற்கென்றே போட்டிகளும் நடைபெறுகின்றன. அவர்களில் தேர்ந்தவர், தாம் அழைக்கும் மானைவிடச் சற்றே இளைய மானாகத் தம்மைக் காட்டிக்கொள்வார். அளவுக்கு மீறிய வலிமையைக் குரலில் காட்டினால், பிணைகளைக் காக்கும் ஆண்மான் தன் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு விலகிப் போய்விடும். தன்னால் துரத்திவிட முடியும் என்று தோன்றும் எதிரியையே அது தேடி வந்து துரத்த முற்படும். வெள்ளைவால் மானிடமும் இந்நியதி செல்லும். நெடுஞ்சவாலைக் கேட்டு ஆதிக்கமுள்ள மான் பாய்ந்து வரலாம். இளைய மான்களோ அஞ்சி ஓடிவிடும்.

அழைக்கும் முறை

இதுவரை கண்டவற்றிலிருந்து நடைமுறைக்கான விதிகள் தாமே பிறக்கின்றன. இடத்தைத் தேர்வது முதலாவது. வரும் மான் காற்றுக்குக் கீழ்ப்புறமாகச் சுற்றி வரும் என்று தெரிந்தபின், அந்தப் பக்கத்தில் ஆறோ செங்குத்தான கரையோ மான் கடக்க விரும்பாத வெட்டவெளியோ இருக்கும்படி மறைவிடத்தை அமைப்பவன் பாதி வெற்றியை முன்கூட்டியே பெற்றுவிடுகிறான். மரத்தில் கட்டிய பரண்மேலிருந்து அழைப்பவன் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். குரல் வந்த இடத்தைத் துல்லியமாக அறியும் மான், அங்கே வந்து பார்த்து, தரையில் எந்த மானையும் காணாவிட்டால் உடனே ஐயுறும். சற்றே புதர் அடர்ந்த பக்கம் பார்த்து அழைத்தால், கேட்ட மானைக் காண வேண்டுமானால் நெருங்கித்தான் வர வேண்டும் என்ற நிலை அதற்கு ஏற்படும்.

இரண்டாவது, தொடக்கத்தில் மிக மெல்ல அழைப்பது. மூன்று நான்கு உறுமல்கள், பிறகு கால்மணி நேரமோ அதற்கு மேலோ நீண்ட மௌனம். முதல் அழைப்பே உரத்து ஒலித்தால், மிக அருகில் புதருக்குள் படுத்திருக்கும் மான் வெருண்டு ஓடிவிடும். மௌனத்தின் நீளமும் முக்கியம். எந்த மானும் இடைவிடாமல் உறுமிக்கொண்டு நிற்பதில்லை. வருகிற மானும் ஓடோடி வருவதில்லை. பத்தடி நடந்து நின்று, செவி சாய்த்து, காற்றை முகர்ந்து, மறுபடியும் பத்தடி நடந்து வரும் பிராணிக்கு அதற்குரிய அவகாசத்தைக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, கண்ணில் பட்ட மானின் உடல் சொல்வதைப் படித்தறிவது. நடந்து செல்லும் மான் அழைப்பைக் கேட்டதும் நின்று காதுகளைத் திருப்பினால், அது கேட்டுவிட்டது; அக்கணமே குழல் ஓய வேண்டும். தலை தாழ்ந்து, மயிர் சிலிர்த்து, கால்களை விறைப்பாக ஊன்றி அது நெருங்கினால் இன்னொரு ஸ்வரமும் வேண்டியதில்லை. முகம் திருப்பி விலகிச் செல்லத் தொடங்கினால் மட்டுமே மீண்டும் ஒரு முறை, முன்னைவிட மெல்ல. நேராக நம்மை நோக்கி நிற்கும்போது அழைப்பதைவிடப் பெரிய தவறு இல்லை. வாலை விறைத்து முன்னங்காலால் தரையைத் தட்டும் மான் ஏற்கெனவே ஐயுற்றுவிட்டது; எந்தக் குரலும் இனி அதைத் தேற்றாது.

தாயின் செவி

எல்லாக் குரல்களிலும் மிக வலிமையானதை வேட்டைக்காரர்களில் மனச்சாட்சியுள்ளவர்கள் பயன்படுத்தத் தயங்குகிறார்கள். அது குட்டியின் அலறல். சூசன் லிங்கில், டோபியாஸ் ரீடே ஆகிய விஞ்ஞானிகள் கனடாவின் புல்வெளிப் பகுதியில் நடத்தி, 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இதைப் பற்றியது. மறைத்து வைத்த ஒலிபெருக்கியிலிருந்து மான்குட்டியின் அலறல் எழுந்ததும் பிணைமான்கள் அதை நோக்கி விரைந்து வந்தன. மர்மோட், கடல்நாய், பூனை, வௌவால் ஆகியவற்றின் குட்டிகளுடைய அலறலையும், மனிதக் குழந்தையின் அழுகையையும் ஒலித்தபோதும், அவற்றின் சுருதி மான்குட்டியின் சுருதிக்கு அருகில் அமைந்திருந்தால் பிணைகள் அவ்வாறே வந்தன. சுருதி வெகுவாக விலகியிருந்தபோது வரவில்லை. ஆபத்தில் இருக்கும் சிசுவின் குரலில் இனங்களுக்கு அப்பாற்பட்ட பொதுத்தன்மை ஒன்று இருக்கிறது. அதற்குச் செவி கொடுப்பதில் தாமதிக்கும் தாய் தன் குட்டியை இழந்துவிடுவாள். ஆராய்ந்து பார்த்து வருவதற்கு நேரமில்லாத அந்த ஒரே அழைப்பில், ஆண்மானிடம் நாம் கண்ட ஐயமும் நிதானமும் பிணையிடம் இல்லாமற் போகின்றன. தாய்மையின் இந்தப் பலவீனத்தை, அதுதான் அதன் மகத்துவமும்கூட, கொல்வதற்குக் கருவியாக்குவது வேட்டையின் தர்மத்துக்குப் பொருந்தாது என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

குரலால் அழைக்கும் வித்தைக்கு இயற்கையே ஓர் எல்லையையும் வகுத்திருக்கிறது. பொய்க்குரல் பலிப்பதற்குக் காரணம், காட்டில் எழும் குரல்களில் மிகப் பெரும்பாலானவை மெய்க்குரல்களாக இருப்பதே. ஓர் இடத்தில் நாள்தோறும் பலர் வந்து காரணமின்றி ஊதிக்கொண்டேயிருந்தால், பிழைத்த மான்கள் அக்குரலைப் புறக்கணிக்கக் கற்றுக்கொள்கின்றன. வேட்டை மிகுந்த காடுகளில் முதிர்ந்த மான் உறுமலைக் கேட்டு எதிர்த்திசையில் நழுவுவதை அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் நன்கு அறிவார்கள். ஆகவே அளவோடு அழைப்பது வேட்டைக்காரனுக்குத் தர்மம் மட்டுமல்ல, லாபமும் ஆகும். இக்கலையைக் கற்க விரும்புகிறவன் முதலாவது பருவத்தில் குழலை வீட்டில் வைத்துவிட்டுக் காட்டுக்குச் செல்லட்டும். எந்த மான், யாரைக் கண்டு, எந்த நேரத்தில், எந்தக் குரலை எழுப்புகிறது, அதைக் கேட்ட மற்றொரு மான் என்ன செய்கிறது என்று கவனித்து எழுதி வைக்கட்டும். அந்தக் குறிப்புகளில் ஊன்றிய பிறகு அவன் ஊதும் ஒரு சிறு உறுமலுக்கு, கடையில் வாங்கிய பத்துக் கருவிகளுக்கு இல்லாத வலிமை உண்டாகும். ஏனெனில், அப்போது அவன் மானிடம் சொல்வது என்ன என்று அவனுக்கே தெரிந்திருக்கும்.